மூன்றாவது வாரத்து நாய்

கவர்னர் பேனாவைக் கையில் எடுக்க இன்னும் சரியாக இருபத்தாறு மணி நேரம் இருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணி. மாநிலத் தலைநகர் மான்ட்கமரியில் சட்டசபைக்கு இரண்டு தெரு தள்ளி, வக்கீல்கள் சட்டை வெளுக்கக் கொடுக்கும் சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ரோவினா மீக்ஸின் துப்பறியும் அலுவலகம். ரோவினா உட்காரவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். மேஜை மேல் ஓர் ஊறுகாய் ஜாடி. அதில் ஊறுகாய் இல்லை, தண்ணீர் இருந்தது. பழைய தேநீர் நிறத்தில்.

ஜாடியைக் கொண்டுவந்தவள் நெட்டி பியூரிஃபாய். டலூசா மாவட்டத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கோழி அறுத்துப் பதப்படுத்தும் ஆலைக்குப் பின்பக்கம் வீடு. ஜாடியில் இருப்பது இன்று காலை தன் கிணற்றில் இறைத்தது என்றாள். இரண்டு வருஷமாகக் குழந்தையைக் கடைத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறாள். ஆலைக் கழிவு கிணறுகளில் இறங்குகிறது என்று அவளும் இன்னும் அறுபது குடும்பங்களும் போட்ட வழக்கு, நீதிபதி ஒடெசா பிராட்னாக்ஸ் முன்னால் பதினொரு மாதம் நடந்து முடிந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை தீர்ப்பு.

ஆனால் திங்கட்கிழமை அந்த நீதிபதி இருக்கமாட்டார். ஆள் நன்றாகத்தான் இருப்பார். நாற்காலி இருக்காது. டலூசா மாவட்டத்துக்கு ஒரு நீதிபதி போதும், இரண்டாவது பதவி ரத்து என்று ஒரு மசோதா இரு சபைகளிலும் நிறைவேறியிருந்தது. நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கவர்னர் கையெழுத்து. அந்த நிமிஷமே அமல். வழக்கு மீதமிருக்கும் நீதிபதியிடம் போகும். அவர் ஆலை முதலாளியோடு வருஷம் தவறாமல் மான் வேட்டைக்குப் போகிறவர்.

சட்டமான பிறகு அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாமே என்றான் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த டூலி.

"போகலாம். நாலு வருஷம் ஆகும்னு வக்கீல் சொன்னாரு. அதுக்குள்ள என் பொண்ணு தானே குளிக்க ஆரம்பிச்சிடுவா, இந்தத் தண்ணியில." நெட்டி எழுந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஏதாவது ஒரு பொத்தல் கண்டுபிடிங்கம்மா. ஒண்ணே ஒண்ணு போதும்."

ஜாடியை விட்டுவிட்டுப் போனாள்.

டூலி கில்லம், ரோவினாவின் உதவியாளன். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தவன். அந்த வேலையில் அவனுக்கு மிஞ்சியது நான்கு நாய்க்கடித் தழும்பும், யாரைப் பார்த்தாலும் பேச்சுக் கொடுக்கிற வாயும். ரோவினாவோ பத்தொன்பது வருஷம் சட்டசபையில் மசோதா வாசிக்கும் எழுத்தராக இருந்தவள். உறுப்பினர்கள் சாண்ட்விச் சாப்பிடுவார்கள், இவள் சத்தமாக வாசிப்பாள். ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். ஒரே மாவட்டத்துக்கான மசோதா என்றால் இன்னும் மோசம். அந்த மாவட்டத்துக்காரர் ஒருவர் ஓட்டுப் பொத்தானை அழுத்துவார், மற்ற நூற்றுச் சொச்சம் பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். உன் ஊரில் நான் தலையிடவில்லை, என் ஊரில் நீ தலையிடாதே. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மரியாதை.

இந்த மசோதாவும் அப்படித்தான் நிறைவேறியது. கொண்டுவந்தவர் கார்லைல் லேசன்பி. ஆலையின் பழைய வக்கீல்.

"எல்லாம் முடிஞ்சு போச்சு. இனி எங்க பாஸ் பொத்தல் தேடுறது?"

"பசை இருக்கிற இடத்துல," என்றாள் ரோவினா. கைப்பையை எடுத்துவிட்டாள்.

அவள் சொன்னதன் அர்த்தம் அரை மணி நேரத்தில் டூலிக்குப் புரிந்தது. இப்படி ஒரு மாவட்டத்துக்கு மட்டும் சட்டம் போடவேண்டும் என்றால், முதலில் அந்த ஊர்ப் பத்திரிகையில் நான்கு வாரம் தொடர்ந்து அறிவிப்பு வரவேண்டும். ஒரு வாரம் விட்டுப்போனாலும் அது சட்டமே இல்லை. அறிவிப்பு வந்ததற்குச் சாட்சி, பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய நான்கு துண்டுகள். அடியில் பத்திரிகை உரிமையாளர் கொடுத்த பிரமாண வாக்குமூலம். சட்டசபை அலுவலகத்தில் பழைய தோழி ஒருத்தி கோப்பை நீட்டிவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிக் காபி எடுக்கப் போனாள். ரோவினா தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

மார்ச் 6. மார்ச் 13. மார்ச் 20. மார்ச் 27. நான்கும் சரியாக இருந்தன. எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான்.

"என்ன தெரியுது?"

டூலி கண்ணைச் சுருக்கினான். மூன்று துண்டுகள் பிஸ்கட் நிறத்தில் பழுத்திருந்தன. ஒன்று மட்டும் வெளுப்பாக இருந்தது. மூன்றாவது.

"பத்திரிகைத் தாள் வெயில் பட்டா பழுக்கும். முதல் வாரம் அதிகமா, கடைசி வாரம் கம்மியா பழுத்திருக்கணும்," என்றாள் ரோவினா. "மூணாவது வாரம் நாலாவதைவிட வயசுல சின்னதா இருக்கு."

"என் அக்காவும் அப்படித்தான் பாஸ். போன வருஷத்திலேருந்து எனக்குத் தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. மணி பத்து ஐம்பது. ஏற்கெனவே படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

டலூசாவுக்கு இரண்டு மணி நேரப் பயணம். டூலியின் டிரக்கில் குளிர்சாதனம் வேலை செய்யாது. மே மாதத்து வெக்கை ஜன்னல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ரோவினா ஜாடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். ஏன் அதையும் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் தளும்பியது. அவள் விரல்கள் மூடியைத் தட்டிக்கொண்டே இருந்தன.

டூலிக்குச் சொந்த ஊரே டலூசாதான். அங்கே வெளிவருவது ஒரே பத்திரிகை, டலூசா கிளாரியன். வியாழக்கிழமை தோறும் எட்டுப் பக்கம். நடத்துகிறவர் எர்லின் ஹாப்குட், ஊர் மரியாதையில் மிஸ் எர்லின். எழுதுவது அவர், அடிப்பது கணவர் ஹோலிஸ். ஹோலிஸ் மார்ச்சில் இறந்துபோனார் என்றான் டூலி. அடக்கத்துக்கு ஊரே வந்தது, இவனும் போனான்.

"துக்கத்துக்கா?"

"கோழிக்கறிக்கு. பொய் சொல்லக் கூடாதில்ல? அப்புறம் அந்த ஆளையும் எனக்குப் பிடிக்கும். சாப்பாட்டு மேஜையில எங்கம்மா உட்பட எல்லாருக்கும் ஒரே பேச்சு. ஹோலிஸ் போயாச்சு, எர்லின் ஒண்டியா மூணு மாசம் தாங்க மாட்டா, பத்திரிகையை மூடிடுவான்னு. பக்கத்து அறையில அந்தம்மா உக்காந்திருந்தாங்க. சுவரு மெல்லிசு."

டூலி வெயிலுக்காகத் தலைக்கு மேலிருந்த மறைப்பை இறக்கினான். அதில் ரப்பர் வளையத்தில் செருகியிருந்த அட்டை ஒன்று ஆடியது. பிளாஸ்டிக் உறை போட்ட இரங்கல் செய்தி. ஹோலிஸ் ஹாப்குட், வயது எழுபத்தேழு, வட்ட முகம், கறுப்பு டை. டலூசாவில் இறந்தவரின் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, இரண்டு பக்கமும் உறை போட்டு, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். பைபிளில் பக்கம் வைக்க. மிஸ் எர்லின் தானே இருநூறு அட்டை வெட்டி, வாசலில் நின்று ஒவ்வொரு கையிலும் கொடுத்தார்.

"வண்டியில பைபிள் இல்ல. அதான் அவரு எனக்கு வெயில் மறைக்கிறாரு." டூலி அட்டையைத் திருப்பிக் காட்டினான். "பின்னாடி பாருங்க. முன்பக்கம் ஹோலிஸ் மோட்சத்துக்குப் போறாரு, பின்பக்கம் ஒரு நாய் வீட்டைவிட்டு ஓடிப் போகுது."

காணவில்லை: பீகிள் நாய். பெயர் மஃபின். இடது காதில் கிழிசல். கண்டவர்கள் தயவுசெய்து தகவல் தரவும். கீழே ஒரு போன் நம்பர்.

கிடைத்ததா என்று ரோவினா கேட்டாள். மனசு வேறெங்கோ இருந்தது. கிடைத்தது, பக்கத்து வீட்டுக்காரனைக் கடித்துக்கொண்டிருந்த இடத்தில், என்றான் டூலி. அவள் மணி பார்த்தாள். பன்னிரண்டரை.

கிளாரியன் அலுவலகத்தில் மை வாசனையும் வெண்ணெய் கேக் வாசனையும் கலந்திருந்தன. மிஸ் எர்லினுக்கு எழுபத்து நாலு வயது. தலைமுடி ஓர் இழை பிசகாமல் சீவியிருந்தது. டூலியைக் கண்டதும் கன்னத்தைத் தட்டி, மெலிந்துவிட்டாய் கண்ணு என்றார். அவன் மெலியவில்லை. ரோவினா கேட்பதற்கு முன் சர்க்கரை போட்ட குளிர்ந்த தேநீர் வந்தது. உட்காரச் சொன்னார். ரோவினா நின்றுகொண்டே குடித்தாள்.

வந்த காரியத்தை அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மூன்றாவது துண்டு ஏன் வெளுப்பாக இருக்கிறது?

மிஸ் எர்லின் மேற்கு ஜன்னலோரம் இருந்த பலகையைக் காட்டினார். அதில் வரிசையாக ஆணிகள். அறிவிப்பு வந்த அன்றே வெட்டி அந்த ஆணியில் குத்திவைப்பது வழக்கம். வெயில் படத்தான் செய்யும். ஒன்று மற்றதன் அடியில் ஒளிந்திருந்தால் பழுக்காது. சாதாரணக் குரலில் சொன்னார். நம்பும்படியாக இருந்தது.

"அந்தப் பக்கம் எப்பவும் ஹோலிஸோட பக்கம்மா. கோர்ட்டு நோட்டீஸு, ஏல நோட்டீஸு, எல்லாம் அவருதான் அடுக்குவாரு. நாப்பத்து நாலு வருஷத்துல ஒண்ணு விட்டுப் போனதில்லை."

பழைய இதழ்களைப் பார்க்கலாமா என்று ரோவினா கேட்டாள். மிஸ் எர்லின் தயங்கவில்லை. மூன்று மாத இதழ்களைச் சேர்த்துத் தைத்த பெரிய தொகுப்பைத் தூக்கி வந்தார். மார்ச் 20, ஐந்தாம் பக்கம், இடது பக்கம் அடியில், டலூசா மாவட்ட இரண்டாம் நீதிபதி பதவி பற்றிய அறிவிப்பு. இருந்தது. பொடி எழுத்தில், முழுதாக. ரோவினா பக்கத்தைத் திருப்பினாள். ஆறாம் பக்கத்தில் ஹோலிஸ் இருந்தார். அதே வட்ட முகம், அதே கறுப்பு டை.

ஒரு கை வந்து அந்தப் படத்தின் மேல் மெல்லப் படிந்தது. பிறகு மிஸ் எர்லின் தொகுப்பை மூடினார்.

ரோவினாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

நூலகத்திலும் அதே கதை. ஐந்தாம் பக்கம், இடது பக்கம் அடியில், அறிவிப்பு. தொகுப்பு புதிதாக இருக்கிறதே என்று டூலி கேட்டதற்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிஸ் எர்லினே இதழ்களை எடுத்துப்போய்த் தைத்துக் கொண்டுவந்து கொடுப்பார் என்று நூலகர் சொன்னார். அந்தம்மாவைப் போல ஒழுங்கானவர் இந்த ஊரில் கிடையாது என்றும் சொன்னார்.

மணி இரண்டரை. இருபத்தாறு மணி நேரத்தில் நாலரை போய்விட்டது, ஒரு குவளை தேநீருக்கும் ஒரு துண்டு கேக்குக்கும்.

"பொத்தல் இல்ல பாஸ். கால்சட்டை புதுசு," என்றான் டூலி வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "நெட்டிகிட்ட நான் சொல்றேன். எனக்கு அடி வாங்கிப் பழக்கம்."

ஜாடி மறுபடி முழங்கால்களுக்கு நடுவே. கோழி ஆலையின் வாடை ஊர் எல்லையில் காத்துக்கொண்டிருந்தது. வெயில் இப்போது முகத்துக்கு நேரே வந்தது. டூலி மறைப்பை இறக்கினான். ரப்பர் வளையத்தில் அட்டை ஒரு சுற்றுச் சுற்றி, முதுகைக் காட்டி நின்றது.

இடது காதில் கிழிசல்.

"வண்டியை நிறுத்து."

நிறுத்தினான். பின்னால் வந்த கோழி லாரி ஒன்று திட்டிக்கொண்டே விலகிப் போயிற்று.

"நாய் எங்க டூலி?"

"சொன்னேனே, கிடைச்சிடுச்சுன்னு."

"தொகுப்புப் புத்தகத்துல எங்க?" அட்டையை உருவி அவன் மூக்கு முன்னால் பிடித்தாள். "ஹோலிஸ் ஆறாம் பக்கம். இப்பதான் பார்த்தோம். அவரைத் திருப்பினா அஞ்சாம் பக்கம், இடது பக்கம் அடி. அங்க அறிவிப்பு இருந்துச்சு. உன் ஹோலிஸைத் திருப்பினா அதே இடத்துல நாய் இருக்கு. ஒரு தாளுக்கு எத்தனை முதுகு?"

டூலி அட்டையைத் திருப்பினான். ஹோலிஸ். மறுபடி திருப்பினான். நாய். வேர்க்கடலை மெல்வது நின்றது.

இந்த அட்டை அச்சான அன்றே வெட்டியது. அடக்கத்தன்று ஊரெல்லாம் போனது. புத்தகத்தில் இருப்பது பிறகு அடித்துச் செருகிய தாள். தொகுப்பில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, வெட்டி ஒட்ட ஒன்று. மூன்றே பிரதி போதும். யார் போய்ப் பழைய பத்திரிகையைப் பார்க்கப்போகிறார்கள்?

டூலி அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, பைபிளைத் திற."

மறுமுனையிலிருந்து, என்ன தப்புப் பண்ணித் தொலைத்தாய் என்ற கேள்வி. அவன் சத்தியம் செய்து சமாளித்து, ஹோலிஸ் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னான். அம்மா படித்தார். மஃபின். இடது காது. அடுத்து அத்தைக்குப் போட்டான். அங்கேயும் மஃபின். மூன்றாவதாக, ஒரு காலத்தில் இவன் சம்மன் கொடுத்த ஆள் ஒருவனுக்குப் போட்டான். அவன் முதலில் கெட்ட வார்த்தையில் திட்டினான், அப்புறம் போய்ப் பைபிளைத் திறந்து மஃபினைப் படித்தான்.

"மாவட்டம் முழுக்க சாட்சி இருக்கு பாஸ். எல்லாம் தோல் அட்டை போட்டு, கட்டில் பக்கத்துல." டூலிக்கு ரத்தம் ஏறிவிட்டது. "லேசன்பி எவ்வளவு கொடுத்திருப்பான்? இல்ல, மிரட்டியிருப்பான். அந்தக் கிழவிக்குப் பத்திரிகையை ஓட்டப் பணம் வேணும். அடக்கம் முடிஞ்ச கையோட போய் நின்னிருப்பான். அவன் முகம் எப்படிப் போகும்னு பாக்கணும்."

ரோவினா அதற்குள் கவர்னர் அலுவலகத்துச் சட்ட ஆலோசகர் பிரைஸ் டில்மனைப் போனில் பிடித்துவிட்டாள். சட்டசபைக் காலத்துப் பழக்கம். டில்மன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, காணாமல் போன நாயை வைத்து ஒரு சட்டத்தை நிறுத்த முடியாது என்றார். அறிவிப்பு அந்த இதழில் வேறு பக்கத்தில்கூட வந்திருக்கலாம், மறு அச்சு நடந்திருக்கலாம். உரிமையாளர் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தியத்தை அவரே திரும்பப் பெற்றால்தான் உண்டு.

"அஞ்சு மணி வரைக்கும் நாற்காலியில இருப்பேன் ரோவினா. அதுக்கப்புறம் நாளை நிகழ்ச்சிக்கான தாள் எல்லாம் கவர்னர் வீட்டுக்குப் போயிடும்."

திரும்பிப் போனபோது மூன்றே கால். கிளாரியன் அலுவலகத்தின் முன்னறை காலி. பின்னால் அச்சு யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை. நாளைய பத்திரிகை. மிஸ் எர்லின் மேலங்கி கட்டிக்கொண்டு, வந்து விழும் தாள்களை ஒற்றையாக அடுக்கிக்கொண்டிருந்தார். ரோவினா கத்திப் பேசினாள். யந்திரம் அதைவிடச் சத்தமாகக் கத்தியது. மிஸ் எர்லின் காதைக் காட்டி, கையை அசைத்து, முடியட்டும் என்றார். பாதியில் நிறுத்தினால் தாள் கிழியும்.

மூன்றே முக்கால். நான்கு. நான்கு பத்து. ரோவினா அந்தச் சின்ன அறையில் கதவுக்கும் சுவருக்கும் நடுவே நடந்தாள். டூலி அவளைப் பார்த்தே களைத்து ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். தனக்கு மயக்கம் வருகிறது, வேறு திசையில் நடங்கள் என்று சைகை செய்தான்.

சுவர் ஓரம் திரும்பும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். யந்திரத்தின் விசைக்கு மேலே ஒட்டியிருந்த ஒரு கடுதாசி. சிவப்பு மையில், பெரிய எழுத்தில், நடுங்கிய கையால் எழுதியது. பொது அறிவிப்புகளைப் பார். அதற்குக் கீழே, இன்னொரு தரம் பார். அதற்கும் கீழே வரிசையாகத் தேதிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு டிக். முதல் தேதி ஏப்ரல் 10, ஹோலிஸ் போன மறு மாதம்.

ரோவினா நின்றாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் கால்கள் அசையவில்லை.

நாலரைக்கு யந்திரம் நின்றது. மௌனம் சட்டென்று பெரிதாகத் தெரிந்தது. மிஸ் எர்லின் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, இன்னும் கேக் இருக்கிறது என்றார்.

ரோவினா மேஜை மேல் அட்டையை வைத்தாள். நாய்ப் பக்கம் மேலே.

மிஸ் எர்லின் அதைப் பார்த்தார். ஒரு விரலால் அட்டையைத் திருப்பி ஹோலிஸை மேலே கொண்டுவந்தார். அப்புறம் அட்டையின் நான்கு ஓரங்களையும் மேஜை விளிம்புக்கு நேராகச் சரிசெய்தார்.

"யாரு உங்களைக் கேட்டது மிஸ் எர்லின்?" டூலியால் பொறுக்க முடியவில்லை. "லேசன்பிதானே? பேரை மட்டும் சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம். நீங்க பயப்பட வேண்டாம்."

ரோவினா டூலியின் தோளைத் தொட்டாள். பிறகு கைப்பைக்குப் பக்கத்தில் இருந்த ஜாடியை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னம்மா?"

நெட்டி பியூரிஃபாயின் கிணற்றுத் தண்ணீர் என்றாள் ரோவினா. அந்த மசோதா எதற்கு வந்தது, திங்கட்கிழமை என்ன நடக்க இருந்தது, நாளை மதியத்துக்குப் பிறகு என்ன நடக்காது, டில்மன் எத்தனை மணி வரை காத்திருப்பார், எல்லாவற்றையும் சொன்னாள். நிறைய நேரம் எடுக்கவில்லை. மிஸ் எர்லின் ஜாடியைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். அடியில் படிந்திருந்தது மெதுவாக எழும்பிச் சுழன்றது.

"நெட்டிதான் அடக்கத்தன்னிக்குச் சர்ச்சுப் பாடகர்களை எல்லாம் பஸ்ஸுல ஏத்திட்டு வந்தா. காசு வாங்கிக்கலை." ஜாடியைக் கீழே வைத்தார். "அந்த அறிவிப்பு எதைப் பத்தினதுன்னு நான் படிக்கவே இல்லை. பொடி எழுத்து. அதை யாரு படிக்கிறாங்க?"

"நான் பத்தொன்பது வருஷம் சத்தமா படிச்சேன் மிஸ் எர்லின். நானும் காதுல வாங்கிக்கலை."

சுவர்க் கடிகாரம் நாலு நாற்பத்தொன்று காட்டியது. ரோவினா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டது பொய்யின்னு சொன்னா, ஜெயிலா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டூலி அதைத்தான் சொல்ல வாயெடுத்தான். ரோவினா சொல்லவில்லை. வழக்குப் போட வாய்ப்பு இருக்கிறது, போடாமலும் விடலாம் என்றாள். ஆனால் கோர்ட்டு அறிவிப்புகள் இனி இந்தப் பத்திரிகைக்கு வராது, அது நிச்சயம் என்றாள். அது இல்லாமல் இந்த யந்திரம் ஓடாது என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

மிஸ் எர்லின் மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தார். மடித்தார். நாற்காலி முதுகில் போட்டார். தலைமுடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார், யாரோ படம் எடுக்கப்போவது போல.

"அந்த டில்மன் நம்பரைப் போடும்மா."

போட்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். மூன்று தடவை ஒலித்ததும் டில்மன் எடுத்தார். யார் பேசுவது என்று கேட்டார். எர்லின் மே ஹாப்குட், டலூசா கிளாரியன், என்று அவர் முழுப் பெயரையும் சொன்னார். சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் பற்றிப் பேச வேண்டும் என்றார். தாளில் மூன்றாவது தேதி மார்ச் 20 என்று இருக்கும், அதை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது. டூலி தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். லேசன்பியின் பெயர் வரப்போகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிஸ் எர்லினின் கண்கள் மேஜையில் இருந்த வட்ட முகத்தின் மேல் இருந்தன. அடக்கத்தன்று ஊர்ப் பேச்சைக் கடத்திய சுவரைப் போல இந்தச் சுவரும் மெல்லியது. பக்கத்து அறையில் யாரும் இல்லை. ஆனாலும் அவர் குரலை உயர்த்தித்தான் சொன்னார்.

"அந்த வாரம் அறிவிப்பு வரலை. அந்தத் தாளை நான்தான் பின்னாடி அடிச்சேன். யாரும் என்னைக் கேக்கலை, யாரும் எனக்கு எதுவும் குடுக்கலை. நான் மறந்துட்டேன்."